பான் ஸ்காட் விட்டுச் சென்ற இடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பிறந்தவர் யாவரும் ஒரு நாள் போய்ச் சேர வேண்டியவர்களே. ஆனால் போகிறவர் தனியாகப் போவதில்லை. தாம் செய்துவந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டுத்தான் போகிறார். அந்த வேலையை என்ன செய்வது என்பது இருப்பவர்களின் கவலை. அவர் நினைவாக அப்படியே நிறுத்திவிடுவதா? அல்லது வேறொருவரை அந்த இடத்தில் அமர்த்தித் தொடர்வதா? எது மரியாதை? எது துரோகம்?

இந்தக் கேள்வி ஒரு பாட்டுக் குழுவுக்கு வந்தால் இன்னும் கடினமாகிவிடும். கடையின் கணக்கரை மாற்றலாம், கடை மாறாது. வண்டியின் ஓட்டுநரை மாற்றலாம், வண்டி மாறாது. குரலை மாற்றினால் பாட்டே மாறிவிடுமே! ரசிகர் நெஞ்சில் பதிந்திருப்பது அந்த ஒரு குரல் அல்லவா? அது போன பிறகு பழைய பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு மேடையேறுவது சரியா?

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஓர் இரவு முழுவதும் இந்த வாதம் நடந்தது. நண்பர் ஒருவரின் கைப்பேசியில் ‘ஏசி/டிசி’ என்ற ராக் இசைக்குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாறுதிசை மின்னோட்டம், நேர்திசை மின்னோட்டம் என்று நாங்கள் வகுப்பில் படிக்கும் பெயரே ஒரு பாட்டுக் குழுவின் பெயராக இருக்கிறதே என்றுதான் முதலில் வியந்தேன். பிறகு, அந்தப் பாட்டைப் பாடியவர் குழுவின் புகழ்பெற்ற பழைய பாடகர் அல்லர், அவர் இறந்தபின் வந்தவர் என்று தெரிந்தது. அப்படியானால் இது அதே குழுதானா என்று நான் கேட்டேன். வாதம் தொடங்கிவிட்டது. விடை தேடிப் போன நான் கண்டது ஒரு மனிதரின் வாழ்க்கையை. அவர் பெயர் பான் ஸ்காட்.

இளமை

ரொனால்ட் பெல்ஃபோர்ட் ஸ்காட் 1946-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் ஃபார்ஃபர் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள கிர்ரிமியூர் என்னும் சிற்றூரில். பீட்டர் பான் கதையை எழுதிய ஜே. எம். பாரி பிறந்த ஊரும் அதுவே. தந்தையின் குடும்பத்தார் ரொட்டிக்கடை நடத்தியவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த அந்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பைத் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. 1952-இல் ஸ்காட் குடும்பமும் அவ்வாறே புறப்பட்டது. அப்போது சிறுவனுக்கு வயது ஆறு.

முதலில் மெல்போர்ன் நகரில் குடியேறினார்கள். பள்ளியில் ரொனால்ட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு மாணவன் இருந்தானாம். புதிதாக வந்தவனுக்கு வேறு பெயர் வேண்டும். அழகிய ஸ்காட்லாந்து என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘பானி ஸ்காட்லாந்து’ என்ற தொடரிலிருந்து ‘பான்’ என்று உடன் படித்த பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

1956-இல் குடும்பம் மேற்கு ஆஸ்திரேலியாவின் துறைமுக நகரமான ஃபிரிமாண்டிலுக்குச் சென்றது. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டு இசையை விட்டுவிடவில்லை. ‘பேக்பைப்’ எனப்படும் தோல்பைக் குழலும் மேளமும் முழங்க அணிவகுத்துச் செல்லும் இசைக்குழு ஒன்று அவ்வூரில் இருந்தது. தந்தை அதில் மேளம் வாசித்தார், மகனும் சேர்ந்துகொண்டான். ஆக, பிற்காலத்தில் குரலால் உலகைக் கவர்ந்த பான் ஸ்காட் முதலில் கையில் எடுத்தது மேளக்குச்சியைத்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடைசியில் மீண்டும் இதற்கு வருவோம்.

பதினைந்து வயதில் பான் பள்ளியை விட்டார். பண்ணை வேலை, கடலில் நண்டு இனம் பிடிக்கும் படகில் வேலை, எடை இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலில் பயிற்சி என்று பலவற்றையும் பார்த்தார். நல்ல பெயர் எடுத்தார் என்று சொல்வதற்கில்லை. 1963-இல் போலீசாரிடம் பொய்ப் பெயர் சொன்னது, காவலிலிருந்து தப்பியது, பெட்ரோல் திருடியது முதலிய குற்றங்களுக்காகச் சீர்திருத்தப் பள்ளியில் சில மாதங்கள் இருக்க நேர்ந்தது. பெரியோர் வரலாறு எழுதும்போது இத்தகைய செய்திகளை மறைப்பது வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை. வழி தவறிய ஒரு பையன் வழியைக் கண்டுபிடித்தான் என்பதுதானே கதை!

தோல்விகள்

வெளியே வந்த பான் பாட்டுக் குழுக்களில் சேர்ந்தார். முதலில் ‘ஸ்பெக்டர்ஸ்’ என்ற குழுவில் மேளம் வாசித்துக்கொண்டே இடையிடையே பாடினார். 1966-இல் ‘வேலண்டைன்ஸ்’ என்ற குழு உருவானபோது அதில் இரண்டு முன்னணிப் பாடகர்களில் ஒருவரானார்; மற்றொருவர் வின்ஸ் லவ்குரோவ். அந்தக் குழு 1970-இல் கலைந்தது. அடுத்து அடிலெய்டு நகரத்துக் குழுவான ‘ஃபிரட்டர்னிட்டி’யில் சேர்ந்தார். அவர்கள் இங்கிலாந்துக்குப் போய்ப் பெயரெடுக்க முயன்றார்கள், முடியவில்லை. அந்த நாட்களில் வேறொரு குழுவுக்கு முன்னால் ஒப்புக்குப் பாடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வேறொரு குழுவின் பெயர் ‘ஜார்டி’. அதன் பாடகர் தொண்டை கிழியக் கத்திப் பாடிய விதம் பானுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பாடகரைப் பற்றி நண்பர்களிடம் புகழ்ந்து பேசினார். அவர் பெயர் பிரையன் ஜான்சன். விதி எங்கே முடிச்சுப் போட்டு வைக்கிறது, பாருங்கள்!

1974 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிப் பான் நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கையில் குழுவும் இல்லை, தொழிலும் இல்லை. வயதோ இருபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ராக் இசை இளைஞர்களின் இசை. அந்த வயதில் புதிதாக ஒருவர் தொடங்குவது அரிது.

பான் பிடித்த இடம் யாருடையது?

இங்கேதான் என் வாதம் தடுமாறியது.

ஏசி/டிசி குழுவை 1973-இல் சிட்னி நகரில் தொடங்கியவர்கள் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்னும் சகோதரர்கள். அவர்களும் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளே. தையல் இயந்திரத்தில் எழுதியிருந்த மின்சாரக் குறிப்பைப் பார்த்து அவர்களுடைய அக்காள் சொன்ன பெயரே குழுவுக்கு வாய்த்தது என்பர். ஆங்கஸ் பள்ளிச் சீருடை அணிந்து கிட்டார் வாசிப்பார். ஆனால் அப்போது குழுவின் பாடகர் பான் ஸ்காட் அல்லர்! டேவ் எவன்ஸ் என்பவர். குழுவின் முதல் இசைத்தட்டில் ஒலித்ததும் அவர் குரலே.

1974-இல் அவரை விலக்கிவிட்டு வேறு பாடகரைத் தேடினார்கள். பழைய தோழர் வின்ஸ் லவ்குரோவ் பானை அறிமுகப்படுத்தினார். இருபத்தெட்டு வயதுப் பானும் பத்தொன்பது வயது ஆங்கஸும் ஒரே மேடையில் நின்றார்கள். எவன்ஸ் பாடி வெளிவந்த அந்த முதல் இசைத்தட்டின் பாட்டையே பான் மறுபடியும் பாடி, 1975-இல் வெளியான ‘டி.என்.டி.’ என்ற தொகுதியில் சேர்த்தார்கள். இன்று அந்தப் பாட்டு என்றால் ரசிகர்கள் பானின் குரலைத்தான் நினைக்கிறார்கள்.

ஈடு செய்ய முடியாதவர் என்று உலகம் கொண்டாடும் பான் ஸ்காட்டே, இன்னொருவர் எழுந்த இடத்தில் வந்து அமர்ந்தவர்தான். அன்று யாராவது பழைய பாடகர் இல்லாமல் இது பழைய குழுவாகுமா என்று கதவை அடைத்திருந்தால், பான் ஸ்காட் என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

ஐந்தாண்டு ஓட்டம்

1975 முதல் 1979 வரை ஆஸ்திரேலியாவில் ஆறு இசைத்தொகுதிகள் வெளிவந்தன. பாட்டின் சொற்களை எழுதியவர் பெரும்பாலும் பானே. வெற்றி வீரர்களின் பெருமையை அவர் எழுதவில்லை. காசில்லாமல் ஊர் ஊராகச் சுற்றும் பாட்டுக்காரன் படும் பாடு, ஏமாற்றம், குறும்பு, தனிமை ஆகியவற்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தாம் பட்டதையே எழுதினார் என்பதால் கேட்டவர்கள் நம்பினார்கள்.

இசையுலகில் மேலே போகும் வழி எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்லும் ஒரு பாட்டில் தோல்பைக் குழலைச் சேர்க்கலாம் என்று யங் சகோதரர்களின் அண்ணன் ஜார்ஜ் யங் யோசனை சொன்னார். பான் அந்த நாட்டு இசைக்குழுவில் இருந்தவர் என்று அவர் அறிந்திருந்தார். ஆனால் பான் வாசித்தது மேளம், குழல் அல்ல! ஆயினும் பான் பின்வாங்கவில்லை. குழலை வாங்கிப் பழகிக்கொண்டார். 1976-இல் மெல்போர்ன் நகரின் ஸ்வான்ஸ்டன் வீதியில் லாரி ஒன்றின் மேல் நின்று அந்தப் பாட்டைப் பாடிச் சென்ற காட்சி படமாக்கப்பட்டது. இன்று அந்நகரில் ஒரு சந்துக்கே இக்குழுவின் பெயர் இருக்கிறது.

1976-இல் குழு இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. முன்பு தோற்றுத் திரும்பிய நாட்டில் பான் இப்போது வென்றார். 1979-இல் வந்த ‘ஹைவே டு ஹெல்’ என்னும் தொகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. பல்லாண்டு உழைப்புக்குப் பயன் கிடைக்கத் தொடங்கிய நேரம் அது.

அந்த நேரத்தில்தான் எல்லாம் முடிந்தது. 1980 பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு லண்டனில் அளவு மீறிக் குடித்த பான், நண்பரின் காரிலேயே தூங்கிப்போனார். எழுப்ப முடியாததால் காரிலேயே விட்டுச் சென்றார்கள். மறுநாள் மாலை பார்த்தபோது உயிர் இல்லை. மதுவின் நஞ்சே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. வயது முப்பத்து மூன்று. உலகையே ஆட்டிவைக்க வல்ல குரலைக் குடி என்னும் கொடியவன் ஓர் இரவில் கொண்டுபோனான். மாணவ நண்பர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தொடர்வதா, நிறுத்துவதா?

ஃபிரிமாண்டிலில் இறுதிச் சடங்கு நடந்தது. யங் சகோதரர்கள் நிலைகுலைந்து நின்றார்கள். குழுவைக் கலைத்துவிடலாம் என்ற எண்ணமும் அவர்களுக்கு வந்தது. தாம் வேறொரு பாடகரைத் தேடிக்கொண்டு தொடர வேண்டும் என்று சொன்னவர் பானின் தந்தையே என்று மால்கம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மகனைப் பறிகொடுத்த தந்தை! மகனின் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! உரிமை உள்ளவர் விடை கொடுத்துவிட்டார். அதற்குமேல் மறுப்பதற்கு ரசிகர்களாகிய நாம் யார்?

தேடலில் பிரையன் ஜான்சன் பெயர் வந்தது. முன்பு பான் வாயாரப் புகழ்ந்த அதே ஆள். ஜார்டி குழுவின் புகழ் மங்கி, அவர் தம் ஊரில் கார்களுக்கு மேற்கூரைத் துணி பொருத்தும் தொழில் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். அவரை வரவழைத்துப் பாடச் சொன்னார்கள், தேர்ந்தெடுத்தார்கள். பானே அடையாளம் காட்டிவிட்டுப் போனது போல் ஆயிற்று.

பஹாமாஸ் தீவில் பதிவு செய்யப்பட்ட ‘பேக் இன் பிளாக்’ என்னும் தொகுதி 1980 ஜூலை 25-ஆம் நாள் வெளிவந்தது. பான் மறைந்து ஐந்தே மாதம். அட்டை முழுவதும் கறுப்பு. அது துக்கத்தின் நிறம். விற்பனை செய்யும் நிறுவனம் தயங்கியது. எழுத்துகளுக்குச் சாம்பல் நிற ஓரம் கொடுக்கும் அளவுக்கே குழு இணங்கியது. தொகுதியின் தொடக்கத்தில் பாட்டு இல்லை; மணியோசை. இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் புகழ்பெற்ற மணி வார்ப்படச்சாலையில் இதற்கென வார்த்த மணி அது. சாவு மணி போல் மெல்ல மெல்ல ஒலிக்கிறது. அதன் பிறகே கிட்டார். அதன் பிறகே புதிய குரல். போனவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே வந்தவர் வாய் திறந்தார் எனலாம்.

அமெரிக்காவில் மட்டும் அந்தத் தொகுதி இரண்டரைக் கோடிக்குச் சமமான விற்பனையைத் தாண்டியதாக 2019-இல் சான்று வழங்கப்பட்டது. உலகில் மிக அதிகம் விற்ற இசைத்தொகுதிகளில் இதுவும் ஒன்று. அதன் பாட்டுகளுக்குப் பான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயன்பட்டனவா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். குழுவினர் இல்லையென்றே கூறிவந்துள்ளனர். ஆனால் ஒன்று உண்டு. மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் யங் சகோதரர்கள் புதிய மெட்டுகளை அமைத்துக்கொண்டிருந்தபோது, பான் அங்கு வந்து அவர்களுக்காக மேளம் வாசித்தாராம். சிறுவனாக ஃபிரிமாண்டில் வீதியில் கையில் எடுத்த மேளக்குச்சியைக் கடைசியிலும் எடுத்திருக்கிறார். அவர் பாடாத அந்தத் தொகுதியின் அடித்தளத்திலும் அவர் கை இருந்தது.

மற்றவர்கள் செய்தது

எல்லோரும் இப்படித் தொடர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1980 செப்டம்பரில் ‘லெட் செப்பலின்’ குழுவின் மேளக்காரர் ஜான் பானம் இறந்தார். அவரும் குடியால் மாண்டவரே. அவர் இல்லாமல் தொடர இயலாது என்று அக்குழு அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதுவும் ஒரு மரியாதைதான். 1971-இல் ஜிம் மாரிசன் மறைந்தபின் ‘டோர்ஸ்’ குழுவின் எஞ்சிய மூவரும் தாங்களே பாடி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்கள், எடுபடவில்லை, 1973-இல் கலைந்தார்கள். 1991-இல் ஃபிரெடி மெர்க்குரியை இழந்த ‘குயீன்’ குழுவினரோ, பின்னாளில் வேறு பாடகரோடு மேடையேறியபோது, குழுவின் பெயரோடு அந்தப் பாடகரின் பெயரையும் கூட்டற்குறி இட்டுத் தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மெர்க்குரியின் இடம் மெர்க்குரிக்கே என்பது அதன் பொருள்.

ஆகவே தொடர்வதும் குற்றமன்று, நிறுத்துவதும் குற்றமன்று. எப்படித் தொடர்கிறார்கள் என்பதே கேள்வி. பிரையன் ஜான்சன் பானைப் போல நடிக்கவில்லை. தலையில் தம் தொப்பியோடு, தம் குரலிலேயே பாடினார். பானின் பாட்டுகளையும் மேடையில் பாடுகிறார். ஆனால் தோல்பைக் குழல் ஒலிக்கும் அந்த ஒரு பாட்டை மட்டும் பாடுவதில்லை. அது பானுக்கு உரியது என்று விட்டுவைத்திருக்கிறார். இடத்தை ஏற்றுக்கொண்டவர், அந்த இடத்தில் ஒரு மூலையை வெறுமையாகவே வைத்திருக்கிறார். இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுத் தறி

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு பாட்டுக்காரரைப் பற்றி நான் ஏன் இத்தனை அக்கறையோடு எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா கைத்தறி நெசவாளர். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அவர் காலமானார். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் பள்ளிக்குப் போகவில்லை; தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் அன்று கோபம் வந்தது. அப்பாவின் இடத்தில் இவர் எப்படி உட்காரலாம் என்று மனத்துக்குள் குமுறினேன். சில நாட்கள் அவரோடு பேசக்கூட இல்லை.

அந்தச் சேலையில் அப்பா விட்ட இடமும் அண்ணன் தொடங்கிய இடமும் அம்மாவுக்குத் தெரியும். அண்ணனின் கை வேறு. இழை அழுந்தும் விதம் வேறு. அண்ணன் அதை மறைக்க முயலவில்லை. அவருக்குத் தெரிந்தபடி நெய்தார். அந்தத் தறியின் கூலியில்தான் நான் இன்று இயற்பியல் படிக்கிறேன். அன்று தறி நின்றிருந்தால் அப்பாவுக்கு என்ன மரியாதை சேர்ந்திருக்கும்?

பான் ஸ்காட்டின் சாம்பல் ஃபிரிமாண்டில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ரசிகர்கள் இன்றும் அங்கே போகிறார்கள். 2008-இல் அந்த நகரின் துறைமுகத்திலும், 2016-இல் கிர்ரிமியூரிலும் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2014-இல் நோயால் விலகிய மால்கமின் இடத்துக்கு அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி வந்தார். 2017-இல் மால்கம் மறைந்தார். செவிக்கோளாறால் 2016-இல் பிரையன் ஜான்சன் விலக நேர்ந்தபோது அவர் இடத்திலும் ஒருவர் நின்று பாடினார். 2020-இல் வெளிவந்த தொகுதியில் பிரையன் திரும்பி வந்தார். எழுவதும் அமர்வதுமாகக் குழு நடந்துகொண்டேயிருந்தது.

விடுதி வாதத்தில் இது அதே குழுதானா என்று கேட்ட நான், இப்போது என் விடையைச் சொல்லிவிடுகிறேன். அதே குரல் அல்ல. ஆனால் போனவரை மறக்காமல், போனவரைப் போல நடிக்காமல், போனவர் விட்ட வேலையைச் செய்கிறவர்கள் இருக்கும்வரை அது அதே குழுதான். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன்.